ஏலத்தில் போன ஜீப்

"திங்களாச்சைக்குள்ள ஒரு பதிலு சொல்லணும்ணாக்கும் அவரு சொன்னாரு. இல்லேண்ணா நெடுமங்காட்டுலேருந்து வேற ஆளைக் கொண்டு வருவாராம்."

"கொண்டு வரட்டு."

"கொண்டு வந்தா பின்னே அந்த எடம் நமக்கு இல்லே, கேட்டேளா? பஸ் ஸ்டாப்புல அத்தனை பேரு நிக்கச்சிலயாக்கும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது."

"அத்தனை பேருக்கு மின்னே எதுக்குச் சொன்னாராம்?"

"நீங்க போனை எடுத்தா அவரு எதுக்கு எனக்கிட்ட சொல்லுதாரு?"

பழைய முதலாளி ராஜதாஸின் அழைப்பு அன்று காலையிலும் வந்திருந்தது. மணி அடித்து ஓயும்வரை சஜின் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். இப்போது கையிலிருந்த சின்ன இரும்புக் காரின் முகப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்க வேண்டியதெல்லாம் எப்போதோ தேய்த்தாயிற்று. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

லிஜி தோள்பையைக்கூட இறக்கவில்லை. காரக்கோணத்தில் ஆசுபத்திரி லேபில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த கால். ஷெட்டு வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்து, சுவரோரம் பலகையில் வரிசைகட்டி நின்ற வண்டிகளை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள்.

"இதுல ஒண்ணாவது ஓடுமெண்ணா நான் பஸ்ஸுக்கு நிக்காமப் போயிருப்பேன்" என்றாள்.

சஜினுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் பேச்சு திரும்பவும் ராஜதாஸிடம் போய் நிற்கும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டான்.

நெடுஞ்சாலையோரம் ராஜதாஸ் நடத்தும் ஒர்க்‌ஷாப்பில்தான் சஜின் ஐடிஐ முடித்த நாளிலிருந்து வேலை செய்தான். அடிபட்டு வரும் வண்டியின் நசுங்கிய தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவருவது அவன் வேலை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவன் விரலுக்குத் தெரியும். கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக், தேய்ந்த பேரிங், அறுந்த செயின் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சின்னச் சின்ன வண்டிகளாக வெல்டு வைத்தான். பேரிங் சக்கரமாயிற்று. வாஷர் ஸ்டியரிங் ஆயிற்று. செயின் கண்ணிகள் சேர்ந்து பம்பர் ஆயின. குடிக்காதவனுக்கு, சீட்டு விளையாடாதவனுக்கு இப்படி ஒரு கிறுக்காவது இருக்கட்டும் என்று ராஜதாஸே சொல்லியிருக்கிறார்.

கிறுக்கு கிறுக்காகவே இருந்திருக்கும். சென்ற முதற்பலன் பண்டிகைதான் அதைக் கெடுத்தது.

அந்தப் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் விளைந்ததைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, சேனை, மரச்சீனி, கோழி, ஆடு எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள்; பணம் சபைக்குப் போகும். சஜின் வீட்டில் விளைச்சல் என்று எதுவும் கிடையாது. இருக்கும் துண்டு நிலத்தில் வீடும் கிணறும் ஷெட்டும் போக மிச்சம் ஒரு கறிவேப்பிலைச் செடிதான். "நம்ம வீட்டுல விளையுதது இதாக்கும்" என்று லிஜி ஷெட்டிலிருந்து ஒரு ஜீப்பை எடுத்துப்போய், குலைகளுக்கும் சேவல்களுக்கும் நடுவே வைத்துவிட்டாள்.

முதலில் கேட்டது ரத்னபாய் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் குரல் ஓயாதவர். கேட்ட உடனே, பின்வரிசையிலிருந்து டிப்பர் லாரி வைத்திருக்கும் ஜெயதாஸ் கூட்டிக் கேட்டார். சபைக் கட்டடத்துக்கு டைல்ஸ் போடுவதா, சிமெண்டு போதுமா என்று கமிட்டியில் முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டீச்சர் இன்னும் கூட்டினார். ஜெயதாஸ் எழுந்து நின்றே கூட்டினார். கூட்டம் கைதட்டியது. சேவல்கள் கத்தின. கடைசியில் சஜின் ஒரு மாதம் முழுக்கத் தகடு தட்டினாலும் கிடைக்காத விலைக்கு ஜீப் போயிற்று. ஜெயதாஸ் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அதே ஏலத்தில், அதற்குச் சற்று முன்பு, ஒரே ஒரு பப்பாளிப்பழம் ஒரு சாக்கு அரிசியின் விலைக்குப் போயிருந்தது. அதற்குக் கைதட்டியவர்களில் சஜினும் ஒருவன். ஆனால் ஜீப் போன பிறகு பப்பாளி அவன் நினைவில் நிற்கவில்லை. இரவெல்லாம் அந்த விலையை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அடுத்த வாரம் ராஜதாஸிடம் போய், இனி வேலைக்கு வரவில்லை என்றான்.

"வட்டா மக்கா உனக்கு?" என்று கேட்டார் ராஜதாஸ்.

வட்டு என்றால் கிறுக்கு. ஆமாம் என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டான்.

பிறகு அவன் செய்த வண்டிகள் எவையும் இந்த ஊர் ரோட்டில் ஓடுகிறவை அல்ல. கூரையைச் சுருட்டிவிட்டு எங்கோ ஒரு மலைச்சரிவில் தலைமுடி பறக்க ஓட்டிப்போகும் கார். பனி மூடிய ஊரில் அஞ்சல் கொண்டுபோகும் கார். முகப்பில் சிறகு விரித்த பறவை உட்கார்ந்திருக்கும், மழையே பெய்யாத பாலைவனத்தைக் கடக்கும் நீளக் கார். செய்யும்போது அந்த ரோடுகள் அவனுக்குக் கண்ணில் தெரிந்தன. பார்க்க வந்தவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து "கொள்ளாம் கேட்டியா" என்று மெச்சினார்கள். எம்பிடு என்று விலை கேட்டார்கள். அவன் ஏலத்தில் போன விலையில் கொஞ்சம் கழித்துச் சொன்னான். "செரி, வாறேன்" என்று போனார்கள். வாறேன் என்றவர்களில் ஒருவரும் வரவில்லை. கொல்லயில் ஊரில் ஒருத்தன் இரும்பைத் தங்க விலைக்கு விற்கிறான் என்று நெய்யாற்றின்கரை வரைக்கும் பேச்சு போயிற்று. வீட்டுச் செலவு முழுக்க லிஜியின் சம்பளத்தில் ஓடியது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவனுக்குச் சண்டை போட ஒரு வழியாவது கிடைத்திருக்கும்.

பணம் இல்லாததைவிட ஒரு சந்தேகம் அவனை அரித்தது. ஒருவேளை வண்டிகளில்தான் ஏதோ குறையோ? தடவிப் பார்த்தான். மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. ஆனாலும் யாருக்கும் வேண்டாம் என்றால்? திங்கட்கிழமை ராஜதாஸின் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றுவிட்டால் சம்பளம் வந்துவிடும். அதன்பிறகு வெல்டிங் செட்டைக் கையால் தொட மனம் வராது. அதுவும் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை, லிஜிக்கு விடுமுறை. காலையில் ரோட்டில் தொண்டை கட்டின சேவல் கூவுவதுபோல ஒரு ஹாரன் கேட்டது. பொழியூரிலிருந்து பெட்டி ஆட்டோவில் மீன் கொண்டுவரும் மினி. வண்டியும் அவளுடையது, ஓட்டுவதும் அவள்தான்.

"லிஜியே, சாளை உண்டு. நல்ல நெய் உள்ள சாளை. பாத்திரம் எடு."

லிஜி பாத்திரம் எடுக்கப் போன நேரத்தில் மினி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதெந்தா சஜினே, பொம்மைக்கடை போட்டிருக்கியா?"

"மெட்டல் ஆர்ட்டாக்கும் அக்கா."

"ஓ." உள்ளே வந்து கூரையில்லாத காரைக் கையில் எடுத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தாள். "கொள்ளாமே! ஸ்டியரிங்கு கூடத் திரும்புது. எம்பிடு இது?"

சஜின் விலையைச் சொன்னான். குரலைத் தாழ்த்தாமல் அதைச் சொல்ல அவன் பழகியிருந்தான்.

மினி காரைச் சூடுபட்டவள்போலப் பலகையில் வைத்தாள். "எனக்க அம்மோ! பெட்ரோலும் சேத்தா?"

பாத்திரத்தோடு வந்த லிஜி திரும்பி நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலத்துல போன வெலையாக்கும் அக்கா. அதுலயும் கொறைச்சுத்தான் சொல்லுதேன்."

"எந்த ஏலம்?"

"சபையில. முதற்பலனுக்கு."

மினி அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல.

"மக்கா, அண்ணைக்கு அந்த ஏலத்துல ஒரு சூரை மீனு போச்சே. ஓர்ம உண்டா?"

"உண்டு. குமாரி அக்கா வச்சது."

"குமாரிக்கு அதை வித்தது ஆராக்கும்? நான். அவ ஏலத்துல வச்சா. எம்பிடுக்குப் போச்சுண்ணு உனக்குத் தெரியும். எனக்குச் செய்தி வந்தப்போ நெஞ்சே நின்னுபோச்சு. மறுநாளு நான் இதே வழியா, அதே மாதிரி சூரையும் கொண்டு வந்தேன்லா? அந்த வெலையா சொன்னேன்? சொல்லியிருந்தா உனக்க பெண்டாட்டி கெணத்துத் தண்ணியைக் கோரி எனக்க தலையில ஊத்தியிருப்பா."

"ஊத்தியிருப்பேன்" என்றாள் லிஜி.

"அது மீனுக்கு வெலையா மக்கா? அவங்க கர்த்தருக்குக் குடுத்தது. மீனு ஒரு பேருக்கு அங்கே கெடந்துது. உனக்க ஜீப்பும் அப்படித்தான். அதுலயும் பாதி கர்த்தருக்கு, மீதி டீச்சருக்க மேலே உள்ள வீம்புக்கு."

சஜினுக்கு அப்போதுதான் அந்தப் பப்பாளி நினைவுக்கு வந்தது. பப்பாளியைக் கொண்டுவந்த மனிதர் மறுநாள் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பப்பாளித் தோட்டம் போடவில்லை. அன்று ஏலத்தில் கைதட்டிய அத்தனை பேரில் ஏல விலையை விலை என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தான்.

"அப்போ வண்டி… வண்டியில ஒண்ணும் கொறை இல்லியா?" என்று கேட்டான். கேட்டது சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது.

"வண்டியில என்ன கொறை? எல்லாருக்கும் ஆசை உண்டு சஜினே. கேக்கப் பயமாக்கும். ஜெயதாஸு அதை எம்பிடுக்கு வாங்கினேண்ணு ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டு நடக்கான். பின்னே ஆரு வருவா? நான் வீடு வீடா போறவளாக்கும். எனக்குத் தெரியாதா?"

லிஜி சாளைப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மெல்ல, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு. எத்தனையோ மாதங்களாக அவள் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் வந்தது. சஜினும் சிரித்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் இத்தனை நாள் இறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நட்டு ஒரு சுற்று கழன்றதுபோல மூச்சு எளிதாக வந்தது. கையில் குறையில்லை. வண்டியில் குறையில்லை. விலையில் மட்டும்தான். விலையை மாற்ற வெல்டிங் செட்டுகூட வேண்டாம்.

"ஒர்க்‌ஷாப்புல உனக்க கூலி எம்பிடு?" மினி வெளியே போய் ஆட்டோப் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பேரத்துக்குத் தயாரானாள். "அந்தக் கூலியைப் போடு. கம்பிக்கும் கரண்டுக்கும் உள்ளதைப் போடு. கொஞ்சம் லாபம் வச்சுக்கோ. இப்போ சொல்லு."

சஜின் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துச் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விலை என்று வியந்தான். மினி அதிலும் குறைத்தாள். அவன் கொஞ்சம் ஏற்றினான். அவள் ஒரு கை சாளையைக் கூடுதலாக அள்ளிப் பாத்திரத்தில் போட்டு முடித்துவைத்தாள்.

"ஆனா இதொண்ணும் எனக்கு வேண்டாம் கேட்டியா. இந்தக் காரொக்க ஆருக்க காரு? எனக்கு எனக்க வண்டியைச் செய்து தா."

சீட்டுக்கடியில் இருந்த ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். அந்த ஆட்டோவிலிருந்து எப்போதெப்போதோ கழற்றிய தேய்ந்த பேரிங்குகள், கிளட்சுக் கம்பி, கண்ணாடி போன கண்ணாடிக்கால், பெயர் தெரியாத நட்டுகள். "இதுலயே செய்யி. எனக்க வண்டிக்க எலும்பாக்கும் இது."

அன்றும் ஞாயிறு ஆராதனை கழிந்தும் சஜின் அதில்தான் இருந்தான். மலைச்சரிவும் பனியும் எங்கும் தெரியவில்லை. பொழியூர்க் கடற்கரை ரோட்டின் மணலும், முன்சக்கரம் கொஞ்சம் இடதுபக்கம் இழுத்தபடி அந்த வண்டி வளைந்து வருவதும்தான் தெரிந்தது. பெட்டியின் பின்மூலையை முடித்தபோது கை தானாக நின்றது. அந்த மூலையை மினி ஒருநாள் ஐஸ் பிளாண்டின் தூணில் கொண்டு இடித்திருந்தாள். தட்டி எடுத்தவன் அவன்தான். முழுக்க எடுக்க அன்று அவளுக்கு நேரமில்லை, ஒரு சின்னப் பள்ளம் பாக்கி நின்றது. சுத்தியலை எடுத்தான். இத்தனை வருடம் நசுங்கலை எடுத்த கை, முதல்முறையாக ஒரு நசுங்கலைப் போட்டது. விரலால் தடவிப் பார்த்தான். சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மினி அதைக் கையில் வாங்கி ஒரு சுற்று திருப்பியதும் கத்தினாள்.

"எலே பாவி! இதையும் போட்டியா?" பிறகு தன் வண்டியிடம் போய் அதிலிருந்த பள்ளத்தில் ஒரு விரலும் கையிலிருந்த சின்ன வண்டியின் பள்ளத்தில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள். "அண்ணைக்கு நான் அழுதோண்டு வண்டி ஓட்டினேன், தெரியுமா? இப்போ பாத்தா சிரிப்பு வருது." அப்படியே ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவைத்துவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே போனாள்.

அதன்பின் சஜின் ராஜதாஸைப் பார்க்கப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டு போனான். ராஜதாஸ் ஒரு காரின் கதவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாத முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தியா? வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லு."

"உச்சைவரைக்கும் வாறேன் மாமா. பின்னே வீட்டுல வண்டி செய்யணும்."

ராஜதாஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று சஜின் நினைத்தான்.

"எம்பிடுக்குக் குடுக்குதே இப்போ?"

சஜின் மினிக்குச் சொன்ன விலையைச் சொன்னான்.

"இம்பிடுதானா?" ராஜதாஸ் நிமிர்ந்தார். "இதை முன்னமே சொல்லப்பிடாதா எலே? எனக்க பழைய அம்பாசிடரை ஒண்ணு செய்து வாங்கணும்ணு எத்தனை நாளா ஆசை. உனக்கிட்ட கேட்டா வீட்டை வித்துத் தரணுமேண்ணு பேசாம இருந்தேன்."

"நெடுமங்காட்டு ஆளு எப்போ வாறான்?"

"எந்த நெடுமங்காடு? அவன் வரமாட்டேண்ணு அண்ணைக்கே சொல்லியாச்சு. இங்கே வண்டி வரிசையா கெடக்குது. நீ வரமாட்டேண்ணு சொல்லிப்போடுவியோண்ணு எனக்கு ராத்திரி உறக்கம் இல்லே." கதவை அவன் கையில் திணித்தார். "உச்சைவரை போதும். இதை எடுத்துக் குடு முதல்ல."

சஜின் கதவைக் கிடத்தி உள்பக்கம் கையை விட்டுத் தடவினான். பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று விரல் சொன்னது. தொலைவில் பாறசாலை ஸ்டேஷனில் ரயில் கூவியது. அது தினமும் கூவுவதுதான். இத்தனை மாதம் அவன் காதில் விழவில்லை.

பெட்டி ஆட்டோ போன வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் தங்கள் தங்கள் வண்டிதான் வேண்டியிருந்தது. பள்ளிக்கூட பஸ் டிரைவர், ஒரு பக்கக் கண்ணாடி இல்லாத தன் பஸ்ஸைக் கேட்டார். கல்யாணத்துக்கு ஓடும் ஆம்னிக்காரர் மேலே ரேடியோக் குழாயோடு கேட்டார். ஒர்க்‌ஷாப்பில் வண்டி விட்டவர்கள் கழற்றிய சாமானைக் கையோடு கொடுத்து, இதில் செய்து தா என்றார்கள். பணம் கொழிக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் லிஜி பெருமூச்சு விடுவது நின்றது. கூரையில்லாத காரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று சஜின் கேட்டதற்கு, "அது அங்கே நிக்கட்டு. லீவு கிட்டுனா நாம அதுல போலாம்" என்றாள் லிஜி.

ஒருநாள் ரத்னபாய் டீச்சர் வந்தார். "அதே ஜீப்பு" என்றார். "ஒரு நட்டு மாறப்பிடாது." புதிய விலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வைத்துவிட்டு, யாரிடமோ ஜெயித்தவர்போலப் போனார்.

அந்த ஜீப் பாதி முடிந்து மேசையில் நின்ற ஒரு மாலையில், வாசலில் ஜெயதாஸின் கார் வந்து நின்றது. சஜின் கையில் கிடைத்த சாக்கை எடுத்து அதன் மேல் போட்டான். ஜெயதாஸ் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றார்.

"வேலையொக்க கொள்ளாமா மக்கா?"

"கொள்ளாம் அண்ணே."

"மினிக்கு நீ குடுத்த வெலையைக் கேட்டேன்." தொண்டையைச் செருமினார். "நான் பைசாவைச் சொல்லல்லே, கேட்டியா. கர்த்தருக்குக் குடுத்தது குடுத்ததாக்கும். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லே. ஆனா வீட்டுக்கு வாறவனொக்க ஜீப்பை எடுத்துப் பாத்துட்டு எனக்க மொகத்தைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிக்கான்."

லிஜி கட்டன்காப்பியோடு வாசலில் வந்து நின்றாள். சாக்கின் ஓரத்தில் ஒரு பேரிங் சக்கரம் பளபளவென்று வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். சஜினைப் பார்த்தாள். காப்பியைக் கொடுக்க மறந்து நின்றாள்.

"ஒலகத்துலயே இது ஒண்ணுதான் உண்டு, வேறே கெடையாதுண்ணு நான் எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டேன்" என்றார் ஜெயதாஸ். குரல் தணிந்திருந்தது. ஏலத்தில் எழுந்து நின்று கத்திய மனிதர்தானா என்று இருந்தது. "நீ காரு செய்யி, லாரி செய்யி, வேணும்ணா ரயிலு செய்து குடு. ஜீப்பு மட்டும் இனி ஆருக்கும் செய்யாண்டாம். அந்த டீச்சரே வந்து நின்னு கேட்டாலும் செய்யாண்டாம். செய்யமாட்டேல்லா மக்கா?"